பழுது பார்த்தலும் பதிப்பே

எண்ணையும் எழுத்தையும் இணைத்தே பேசுவது தமிழர் வழக்கு. திண்ணைப் பள்ளியிற் பயின்ற சிறுவன், மணலில் அரிச்சுவடியை எழுதிய அதே விரலால் எண்சுவடியையும் எழுதினான். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு, காணி என்பது 80-இல் ஒரு பங்கு, மா என்பது 20-இல் ஒரு பங்கு என அவன் உரத்த குரலில் ஓதிய கீழ்வாயிலக்கங்கள், நிலம் அளக்கவும் நெல் அளக்கவும் பொன் நிறுக்கவும் அவனுக்கு வாழ்நாள் முழுவதும் துணை நின்றன. அங்ஙனமிருந்தும், எழுத்தின் கருவிகளைப் போற்றிய அளவிற்கு எண்ணின் கருவிகளை நாம் போற்றினோமில்லை. ஏடும் எழுத்தாணியும் கண்ணாடிப் பேழையுள் வைக்கப்பெறுகின்றன. நம் தந்தையர் காலத்துக் கணிப்பானோ பழைய பேப்பர்க் கடையின் தராசில் ஏறுகின்றது. இது முறையாமா? பழைய சட்டைப்பைக் கணிப்பான் ஒன்றை விலை கொடுத்து வாங்கிச் செப்பனிடுவது வீண் வேலையா, கல்வியின் ஒரு பகுதியா? இவ்வினாவிற்கு எம் கருத்தை மாணவ நண்பர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கால்குலேட்டர் என நாம் வழங்கும் இக்கருவியின் வரலாறு நீண்டதன்று. 1967-இல், அமெரிக்க நாட்டு டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் ஜாக் கில்பி, ஜெரி மெரிமன், ஜேம்ஸ் வான் டாசல் என்னும் மூவர், கையில் ஏந்தத்தக்க மின்னணுக் கணிப்பான் ஒன்றைச் செய்து முடித்தனர். அது விடையைக் காகித நாடாவில் அச்சிட்டுக் காட்டியது. மூவருள் கில்பி என்பார், பல உறுப்புகளை ஒரே சில்லில் அமைக்கும் வழியை 1958-இல் கண்டவர். அதன்பொருட்டு 2000-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவர். 1971-இல் ஜப்பானிய பிசிகாம் நிறுவனம், உண்மையாகவே சட்டைப்பையில் அடங்கும் கணிப்பானை விற்பனைக்குக் கொணர்ந்தது. மறு ஆண்டில் ஹியூலெட்-பாக்கார்டு நிறுவனத்தின் எச்.பி.-35 வெளிவந்தது. கூட்டல் கழித்தலோடு அமையாது, முக்கோணவியல் சார்புகளையும் மடக்கைகளையும் நொடிப்பொழுதில் தந்த முதற் கைக்கணிப்பான் அதுவே. அதன் விலை 395 டாலர். அதுகாறும் பொறியாளர் கையிற் செங்கோலெனத் திகழ்ந்த ஸ்லைடு ரூல், சில ஆண்டுகளுக்குள் அலமாரியின் அடித்தட்டைச் சேர்ந்தது. 1976-இல் அறிவியற் கணிப்பான் ஒன்றை ஏறத்தாழ 25 டாலருக்கே வாங்கும் நிலை வந்துவிட்டது. அரசர் அணிகலன் போன்று வந்த பொருள் ஐந்தாண்டிற்குள் மாணவர் பையில் புகுந்ததெனின், அதன் வேகத்தை என்னென்பது!

நம் நாட்டில் அவ்வேகம் வேறு வகையாக அமைந்தது. அந்நாளில் அயல்நாட்டுப் பொருள்களுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தமையின், கணிப்பான் பெரும்பாலும் கடல் கடந்து மீண்டவரின் பெட்டியில் வந்தது. இன்றேல், 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் பிழைப்பிற்கென எழுந்த பர்மா பஜாரில் பேரம் பேசிப் பெறப்பட்டது. இந்நாட்டிலேயே கணிப்பான் செய்து விற்கும் முயற்சியும் அக்காலத்தே தோன்றியது. திருச்செந்தூரை அடுத்த மூலைப்பொழி என்னும் ஊரினரான சிவ் நாடாரும் அவர்தம் தோழரும், 1976-இல் எச்.சி.எல். நிறுவனத்தைத் தோற்றுவிக்குமுன், மைக்ரோகாம்ப் என்னும் பெயரால் கணிப்பான் விற்றே முதல் திரட்டினர். இந்நாள் நம் நகரத்து இளைஞர் பல்லாயிரவர் கணினித் தொழிலால் உண்டு உடுத்து வாழ்கின்றனர். அப்பெருமரத்தின் வேர்களுள் ஒன்று இச்சிறு கணிப்பான் என்பதை அவருள் எத்துணைப் பேர் அறிவர்?

இனி, எம் கைக்கு வந்த கருவியைப் பற்றிச் சிறிது கூறுவோம். அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயர் தாங்கிய பெசன்ட் நகர், கடற்கரையாலும் கோயில்களாலும் பெயர் பெற்றது என்பதை யாவரும் அறிவர். அது கணக்கர் நகரும் ஆம் என்பதைச் சிலரே எண்ணிப் பார்ப்பர். அங்கு மத்திய அரசு ஊழியர் குடியிருப்பும் அலுவலகங்கள் நிறைந்த இராஜாஜி பவனும் உள்ளன; 1959-இல் மேற்கு ஜெர்மனியின் துணையோடு எழுந்த தொழில்நுட்பக் கழகம் அண்மையிலேயே உள்ளது. ஆதலின், அளவையும் கணக்கையும் தொழிலாகக் கொண்ட பலர் ஓய்வு பெற்று அங்கே குடியமர்ந்தனர். அவர் கட்டிய தனி வீடுகள் இப்போது ஒவ்வொன்றாக இடிக்கப்பெற்று அடுக்கு மாடிகளாகின்றன. வீடு இடிபடுமுன், அதன் அலமாரிகள் பழைய பேப்பர்க் கடைக்கு வருகின்றன.

அத்தகைய கடையொன்றில், பொறியியற் புத்தகக் கட்டுகளுக்கு இடையே, எச்.பி.-25 என்னும் கணிப்பானை யாம் கண்டோம். அது 1975-இல் வெளிவந்த வகை. ஒரு கணக்கிற்குரிய நாற்பத்தொன்பது படிகளைக் கற்பித்து வைத்தால், அவற்றை வரிசை பிறழாது தானே செய்து முடிக்கும் ஆற்றலுடையது. கடைக்காரர் அதனைப் பிளாஸ்டிக் என்னும் கணக்கில் நிறுத்துவிடக் கருதியிருந்தார். எம் ஆவலைக் கண்டதும் முந்நூறு ரூபாய் என்றார். யாமும் வகுப்புத் தோழர் இருவரும் சேர்ந்து அப்பணத்தைத் தந்து வாங்கினோம். கருவியின் உறைக்குள் நான்காக மடித்த தாள் ஒன்றும் இருந்தது. அதன் சிறப்பைப் பின்னர்க் கூறுவோம்.

விடுதியில் இச்செய்தி பரவியதும் மூவகைத் தடைகள் எழுந்தன. கைப்பேசியிலேயே கணிப்பான் இருக்க இது எற்றுக்கு என்றார் ஒருவர். முந்நூறு ரூபாய்க்கு ஏழை மாணவன் ஒருவனுக்குப் புத்தகம் வாங்கித் தந்திருக்கலாமே என்றார் மற்றொருவர். தமிழ் பயில்வோர்க்கும் மின்சுற்றுக்கும் யாது தொடர்பு என நகைத்தார் வேறொருவர். மூன்றும் விடை கூறத்தக்க வினாக்களே. முதற்கண், கைப்பேசி விடையைத் தருமேயன்றித் தன்னை நமக்குத் திறந்து காட்டாது. அதன் உறுப்புகள் பசையால் ஒட்டப்பெற்றவை. பழுதானால் மாற்றுக என்பதே அது நமக்குக் கற்பிக்கும் பாடம். பழங்கணிப்பானோ திறந்து பார்ப்பவனுக்குத் தன் அமைப்பைக் காட்டும். மின்கலம் இது, இதன் வழியே மின்னோட்டம் செல்லும், இங்கே தடைப்பட்டது எனக் கண்ணாலும் கையாலும் அறிய இடம் தரும். கருவியை அறியாது பயன்படுத்துவோன் அதற்கு அடிமை. அறிந்து பயன்படுத்துவோன் அதற்குத் தலைவன்.

இரண்டாம் தடை வலியுடையது. அதனை யாம் எளிதில் தள்ளோம். பழங்கணிப்பான்களைப் பெட்டி பிரிக்காது வாங்கி அடுக்கி, விலை ஏறும் நாளை எதிர்நோக்கியிருப்பார் உலகெங்கும் உளர். அவர் செய்வது வாணிகம். அதற்குக் கல்வி என்னும் பெயர் பொருந்தாது. பெருந்தொகை கொடுத்து அரிய வகைகளைத் திரட்டும் பித்தினையும் மாணவர்க்கு யாம் பரிந்துரையோம். குப்பைக்குச் செல்லவிருந்த ஒன்றனை, மூவர் சேர்ந்து, ஒரு நாட் சிற்றுண்டிச் செலவளவில் மீட்பது வேறு. அதனினும் மேலாக, அக்கருவிகள் குப்பைக்குச் சென்றால் விளையும் கேட்டினையும் கணக்கிடல் வேண்டும். அந்நாளைய மின்கலங்களுள் காட்மியம் என்னும் நச்சு உலோகம் உண்டு. நம் நகரத்துக் குப்பை பல்லாண்டுகள் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மலையெனக் குவிக்கப்பெற்றது. பெருங்குடி மேடோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மடியிலேயே எழுந்தது. அங்கே சேரும் நஞ்சு முதலில் தீண்டுவது, குப்பை பொறுக்கி வயிறு வளர்க்கும் ஏழையின் கையையே அன்றோ? ஏழையின் பெயரால் எழுந்த தடைக்கு ஏழையின் பொருட்டே யாம் கூறும் விடை இது.

மூன்றாம் தடைக்கு விடை பெசன்ட் நகரிலேயே உள்ளது. உ. வே. சாமிநாதையர் 1942-இல் மறைந்தபின், 1943-இல் அவர் பெயரால் தொடங்கப்பெற்ற நூல் நிலையம் இன்று அந்நகரிலேதான் நிலவுகின்றது. செல்லரித்த ஏடுகளை ஊர் ஊராகத் தேடி, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த அப்பெரியாரின் முறை யாது? பல படிகளைத் திரட்டி ஒப்பு நோக்கினார். பாட வேறுபாடுகளைக் குறித்தார். ஏடு சிதைந்த இடத்தில் தம் சொல்லைப் புகுத்தி நிரப்பாது, சிதைந்தமையைச் சிதைந்தவாறே காட்டினார். பழைய கருவியைச் செப்பனிடுவோனுக்கும் இம்முறையே முறை என்பது எம் துணிபு. தமிழ் மாணவன் பழுது பார்க்கும் மேசைக்கு வெறுங்கையோடு வருவானல்லன். மூலத்தை மதிக்கும் ஒழுக்கத்தை உடன்கொண்டே வருகின்றான்.

அவ்வொழுக்கத்தை யாம் கையாண்டவாறு இது. முதலிற் செய்தற்குரியது யாதும் செய்யாதிருத்தல்! ஏடு கிடைத்தவுடன் எண்ணெய் தடவித் தேய்ப்பவன் எழுத்தை இழப்பான். ரிச்சி தெருவில் நெடுங்காலம் பழுது பார்த்துவரும் முதியவர் ஒருவரிடம் இதனைக் காட்டினோம். அவர் கருவியைத் திருப்பிப் பார்த்து, “தம்பி, பழைய பாட்டரியோடு இதற்குச் சார்ஜரைச் செருகிவிடாதே. செருகினால் இதன் உயிர் போய்விடும்” என்றார். அவர் கூற்று முற்றும் உண்மை. இவ்வகைக் கணிப்பானில் மின்கலம் இல்லாதபோதும், மின்கலத்தின் தொடர்பு அற்றபோதும், சார்ஜரின் மின்னழுத்தம் தடையின்றி உட்புகுந்து சில்லுகளை எரித்துவிடும். அச்சில்லுகளை இன்று செய்வார் இல்லை. இதே வகைக் கருவி வேறொன்றைச் சிதைத்தே அவற்றைப் பெறல் வேண்டும். ஓர் ஏட்டைக் கிழித்து மற்றோர் ஏட்டை ஒட்டுவதனை யார் விரும்புவர்?

பின்னர் மின்கல அறையைத் திறந்தோம். பழைய இரு மின்கலங்களும் கசிந்து, தகடுகளிற் களிம்பும் வெண்பொடியும் படர்ந்திருந்தன. கசிந்த நீர் காரத் தன்மையுடையது. ஆதலின் அதனை அடக்கப் புளிப்பு வேண்டும். பஞ்சு சுற்றிய குச்சியை வினிகரில் தோய்த்து, தகட்டளவில் மட்டும் துடைத்தோம். துளி நீரால் புளிப்பை நீக்கினோம். விரைவில் உலர்வதற்கு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் மீண்டும் துடைத்தோம். ஒரு தகட்டின் பிடிப்பு விட்டிருந்தது. அதற்குச் சிறிது ஈயப் பற்று வைத்தோம். இவ்வேலையில் எமக்கு ஒரு தமிழ்ச் சொல்லும் கிடைத்தது. உலோகத்தை உலோகத்தோடு இணைக்கும் ஈயப்பொடி முதலியவற்றிற்குப் பற்றாசு என்பது பழம் பெயர். அகராதியில் உறங்கிய அச்சொல், சூடேறிய கம்பியின் நுனியில் புகையெழக் கண்டபோது எமக்கு உயிர்பெற்று எழுந்தது. புதிய நிக்கல் மின்கலங்கள் இரண்டை இட்டு விசையைத் தள்ளியவுடன், குங்குமச் சிவப்பில் 0.00 என்னும் இலக்கங்கள் தோன்றின. ஓரிரு பொத்தான்கள் முதலில் இசைய மறுத்தன. பலகால் அழுத்த அழுத்த அவையும் இணங்கின. கருவியின் மேலுள்ள கீறல்களை யாம் தேய்க்கவில்லை. மூடியின் உட்புறத்தில், இன்ன நாளில் இன்னது மாற்றப்பெற்றது என ஒரு சிறு சீட்டு எழுதி வைத்தோம். அதுவே எம் பதிப்பின் முகவுரை.

இனி, மடித்த தாளைப் பற்றிக் கூறுவோம். எச்.பி.-25, விசையை நிறுத்தியவுடன் தான் கற்ற படிகள் அனைத்தையும் மறந்துவிடும். ஆதலின் அதனை உடையோர், வேண்டிய கணக்கின் படிகளைத் தாளில் எழுதிவைத்து, வேண்டும்போதெல்லாம் மீண்டும் கற்பித்தல் வேண்டும். எமக்குக் கிடைத்த தாளின் தலைப்பில் ‘வீட்டுக் கடன் – மாதத் தவணை’ என நீல மையால் எழுதப்பெற்றிருந்தது. கீழே படிகளின் வரிசை. அதன் கீழே கடன் தொகை, வட்டி வீதம், மாதங்களின் எண்ணிக்கை. இறுதியில், பென்சிலால் இருமுறை அடிக்கோடிட்ட ஒரு விடை. அத்தொகையை ஈண்டு வெளியிடுதல் முறையன்று. தோழர் ஒருவர் படிகளை உரக்கப் படித்தார். யாம் ஒவ்வொன்றாக அழுத்தினோம். இறுதிப் பொத்தானை அழுத்தியபின் சிறிது நேரம் இலக்கங்கள் நடுங்கின. பிறகு, அடிக்கோடிட்ட அதே விடை, காசு வரை பிசகாது வந்து நின்றது. ஒரு குடும்பத்தலைவர் மாதந்தோறும் தம் ஊதியத்தில் எவ்வளவு ஒதுக்கினால் ஒரு கூரை தமதாகும் என இரவில் இருந்து எண்ணிய எண்ணம், அவர் மறந்த பின்னும் கருவி மறந்த பின்னும், தாளொன்றில் உயிர் தரித்திருந்தது. ஏட்டிலுள்ள செய்யுளைப் படிப்பார் இல்லாவிடில் அது வெறும் ஓலை. இத்தாளும், கருவி செப்பமுறாவிடில் வெறுந்தாளே.

தமிழ் மாணவர்க்கு வியப்பளிக்கும் செய்தி வேறொன்றும் உண்டு. இக்கணிப்பானில் சமக்குறியிட்ட பொத்தான் இல்லை. மூன்றையும் நான்கையும் கூட்ட வேண்டின், மூன்றை இட்டு நிறுத்தி, நான்கை இட்டு, ஈற்றிலே கூட்டற்குறியை அழுத்த வேண்டும். போலந்து நாட்டு யான் லுகாசியேவிச் என்னும் தருக்க அறிஞர் 1920-களிற் கண்ட குறியீட்டு முறையைத் திருப்பி அமைத்த முறை இது. ஆங்கில முறையில் கணக்குப் பயின்றோர்க்கு இது தலைகீழாய்த் தோன்றும். தமிழர்க்கோ? ‘மூன்றையும் நான்கையும் கூட்டு’ என்றுதானே நாம் சொல்கிறோம்! செயப்படுபொருள்கள் முன்னே நிற்க, வினை ஈற்றில் வந்து முடிப்பது நம் மொழியின் இயல்பு. ஆகவே, கடல் கடந்து வந்த கருவி நம் வாக்கிய நடையிலேயே நம்மொடு பேசுகின்றது. இலக்கணம் பயில்வார் ஒருவர் இதனைக் கையில் ஏந்தினாலன்றி இவ்வொற்றுமை எவ்வாறு புலப்படும்?

பாடவேறுபாடு என்பது கருவிகளுக்கும் உண்டு. முன்னர்க் கூறிய எச்.பி.-35 வகையுள் முதலில் வந்தவற்றில் ஒரு வழு இருந்தது. 2.02 என்னும் எண்ணின் இயல் மடக்கையைக் கண்டு, அதனை மீண்டும் எண்ணாக மாற்றினால், 2.02 வருதற்கு மாறாக 2 என்றே விடை வரும். நிறுவனத்தார் அதனை மறையாது வெளியிட்டு, விரும்பியோர்க்குக் கருவியை மாற்றித் தர முன்வந்தனர். இன்று, பழம்பொருள் திரட்டுவோர் அவ்வழுவுடைய கருவியையே விரும்பித் தேடுகின்றனர். ஏடெழுதியவன் பிழையும் அவன் காலத்தைக் காட்டும் சான்றாவது போல்வது இது. செப்பனிடுவோன் அதனைத் திருத்தப் புகுதல் கூடாது; ஆனால் வழு உண்டெனக் குறித்து வைக்கத் தவறுதலும் கூடாது. பழையதை மறைப்பதும் பொய். பழையதை மிகைப்படுத்துவதும் பொய். புதிய மூடியை இட்டுப் பழைய மூடி எனச் சொல்லி விற்பவன், தன் பாட்டைப் புலவர் பாட்டில் இடைச்செருகலாகப் புகுத்துவோனுக்கு ஒப்பாவான்.

வாங்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். விலை கேட்குமுன் மின்கல அறையைத் திறந்து பாருங்கள். களிம்பு தகட்டளவில் நின்றதா, உட்சுற்றிலும் பரவியதா என்பதிலேயே கருவியின் வாழ்வு அடங்கியுள்ளது. கடலோரத்து உப்புக் காற்று உலோகத்திற்குப் பகை. ஆதலின், செப்பனிட்ட கருவியை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். பயன்படுத்தாத நாளில் மின்கலங்களை வெளியே எடுத்துவிடுங்கள். கழிந்த மின்கலங்களைத் தெருக் குப்பைத் தொட்டியில் எறியாதீர்கள். மின்கலக் கழிவிற்கென 2022-இல் நடுவண் அரசு தனி விதிகளை வகுத்துள்ளது; உரிய முறையிற் சேகரிப்போரிடமே அவற்றைச் சேர்த்தல் கடன்.

இறுதியாகக் கல்லூரித் தலைவர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். நம் கல்லூரியின் ஆய்வுக்கூடங்களிலும் பழைய மாணவர் இல்லங்களிலும் ஸ்லைடு ரூல்களும் மடக்கைப் பட்டியல்களும் கணிப்பான்களும் உறங்கிக் கிடத்தல் திண்ணம். வாரம் ஒரு மாலை, ஓர் அறை, இரு மேசை, சில கருவிகள் தருவீராயின், பௌதிக மாணவரும் தமிழ் மாணவரும் அருகருகே அமர்ந்து அவற்றைச் செப்பனிடுவோம். பௌதிகத்தார் மின்னோட்டத்தை எமக்குக் கற்பிக்கட்டும். மூலத்திற்கு ஊறு செய்யாமையை யாம் அவர்க்குக் கற்பிப்போம். கருவியை அளிக்கும் பழைய மாணவர், அதனால் தாம் செய்த கணக்கு யாது என ஒரு தாளில் எழுதியும் அளிப்பாராக. கருவி எண்ணிய எண்ணை நாம் மீட்கலாம். எதன்பொருட்டு எண்ணினார் என்பதை அவரே கூற வேண்டும். அவர் கூறுதற்கு உரிய காலம் இதுவே. வீடுகள் இடிந்துகொண்டிருக்கின்றன, கடைத் தராசுகள் காத்திருக்கின்றன.